ஒரே கூரை, பல அடுப்பு

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேக்கா உணவங்காடி நிலையத்தில் நான் தோசையும், அவள் பிரியாணியும், எதிரே ஒரு சீனப் பெரியவர் நூடுல்ஸும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் இந்த நிலையங்கள் எப்படிப் பெருகின? நம் ஊட்டியில் இப்படியொன்று நிலைக்குமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அவை நாகரிகத்துக்காகத் தோன்றியவை அல்ல. தெருவோரம் விற்றுவந்தவர்களை, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ள கட்டடங்களுக்கு 1971 முதல் 1986 வரை அந்நாட்டு அரசு படிப்படியாக மாற்றியதன் விளைவே இன்று அங்குள்ள 100-க்கும் மேற்பட்ட நிலையங்கள். 2020-இல் யுனெஸ்கோ இப்பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இனங்களைக் கூட்டிவைப்பது பொது மேசை என்றாலும், அந்த மேசையைத் தாங்கி நின்றது, தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறை வியாபாரிகளுக்கு அரசு குறைத்துக் கொடுத்த வாடகைதான் என்பது என் கருத்து. நுணுக்கமான ஏற்பாடுகளும் உண்டு: சாப்பிட்ட தட்டைத் திருப்பிவைக்கும் இடத்தில் ஹலால் உணவுத் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று பொருள். நாம் பேருந்தில் துண்டு போடுவது போலத்தான்!

ஊட்டியில் சமைக்கக் கைகளுக்குக் குறைவில்லை. படகர் வீடுகளின் அவரை உதக்க (அவரைக் குழம்பு), 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மலையாளிகளின் புட்டு கடலை, திபெத்தியரின் மோமோ எல்லாம் இங்கேயே இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டையும் காசு கொடுத்து உண்ண வேண்டுமென்றால், வெளியூர்க்காரர் எந்தக் கடைக்குப் போவார்? பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம் என்பதால், கழுவிப் பயன்படுத்தும் தட்டும் அதற்கான தண்ணீரும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருக்க வேண்டும்.

நிலைக்குமா என்பது ஜூலை மழையில் தெரியும். அப்போது சுற்றுலாப் பயணிகள் குறைந்துவிடுவதால், மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குபவரும் பேருந்து நடத்துநரும் கல்லூரி மாணவரும் நாள்தோறும் கட்டுப்படியாகும் விலையில் வந்து உண்ண வேண்டும். மே மாதக் கூட்டத்தை வைத்து வாடகையை நிர்ணயித்தால், ஆகஸ்டுக்குள் பாதிக் கடைகளில் பூட்டுத் தொங்கும்.