படம் நிஜம், சத்தம் பின்னால் சேர்த்தது

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைக் காட்சிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவை நிஜமாகவே அப்போது எடுத்தவைதானா? சில கலரில்கூட இருக்கின்றனவே?

படம் பெரும்பாலும் நிஜம். நம்பக் கூடாதது சத்தத்தைத்தான்.

எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி ‘மெம்ஃபிஸ் பெல்’ பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க ராணுவத்துக்காக வில்லியம் வைலர் எடுத்து 1944-ல் வெளிவந்த ஆவணப்படம். அதில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் அடிபட்டு மெதுவாகச் சுழன்று கீழே போகும். ‘வெளியே குதியுங்கள்’ என்று பக்கத்து விமானத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். ஒவ்வொரு பாராசூட்டாக விரியும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள்தான் தொழில் புத்தி வேலை செய்தது. நாலு எஞ்சின்கள் இரையும்போது அந்தக் குரல்கள் எப்படி அவ்வளவு சுத்தமாகப் பதிவாகின? தேடிப் படித்தேன். பதிவாகவே இல்லை. மேலே எடுத்த பிலிம் முழுக்க ஊமைப்படம். மெம்ஃபிஸ் பெல் என்பது படத்தின் நாயகமான பி-17 விமானத்தின் பெயர்; அதன் வீரர்களே அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு, ஹாலிவுட்டில் படத்தைப் பார்த்துப் பேசியது அது. நம் ஊர் பாஷையில் சொன்னால் டப்பிங்.

அப்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. பி-17-ல் பத்துப் பேர் போவார்கள். இன்றைய விமானம் மாதிரி உள்ளே காற்றழுத்தம் கிடையாது. 25,000 அடியில் ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கேமராவே உறைந்து நின்றுபோகும். இதற்கு நடுவில், சாவி கொடுத்தால் அரை நிமிடம் போல ஓடுகிற 16 மி.மீ. கேமராவைக் கனமான கையுறையோடு பிடித்துக்கொண்டு ஒருவர் படமெடுத்திருக்கிறார்.

அந்த ஒருவர்களில் முக்கியமானவர் ஹரால்ட் டானன்பாம். முதல் உலகப் போரையும் பார்த்தவர். வைலர் அவரை அழைத்துக்கொண்டு போனது கேமராவுக்காக அல்ல. அவர் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் ஒலிப்பதிவாளர். மேலே ஒலி பதிவு செய்ய வழியில்லை என்று ஆனபோது அவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டார். 1943 ஏப்ரலில் பிரான்ஸ் மேல் அவர் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் திரும்பவில்லை. ஒலிப்பதிவுக்காக வந்த மனிதர், ஒலியே இல்லாத ஒரு படத்துக்காகச் செத்திருக்கிறார். அந்தப் படத்தை எப்போது போட்டாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் கேட்ட கலர் விஷயத்துக்கு வருகிறேன். மெம்ஃபிஸ் பெல் படத்தின் நீல வானம் கம்ப்யூட்டரில் பூசியதல்ல. கோடாக்குரோம் என்ற கலர் பிலிம் 1935-லேயே 16 மி.மீ.-ல் வந்துவிட்டது. இருட்டில் பத்திரமாக வைத்திருந்தால் அதன் நிறம் லேசில் மங்காது. வைலர் குழு எடுத்துப் படத்தில் சேராமல் போன மணிக்கணக்கான காட்சிகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து எரிக் நெல்சன் 2018-ல் ‘தி கோல்ட் ப்ளூ’ என்று ஒரு படம் கொண்டுவந்தார். கேக் சாப்பிடும் பையன்கள், சைக்கிளில் போகிறவர்கள், விமானத்தடியில் படுத்து எழுந்திருக்கிறவர்கள் என்று எல்லோரும் போன வாரம் எடுத்த மாதிரி இருப்பார்கள். பெரும்பாலோருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். அவர்கள் இருந்த அமெரிக்காவின் எட்டாம் விமானப்படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெம்ஃபிஸ் பெல் ஒரே நாளில் நடந்த ஒரே பயணம் போலக் கதை சொல்லும்: ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனுக்குப் போன 25-வது, கடைசிப் பயணம். உண்மையில் அது பல நாட்களில், பல விமானங்களிலிருந்து எடுத்தவற்றின் தொகுப்பு. அந்த விமானக் குழுவின் 25-வது பயணம் 1943 மே 17 அன்று பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்கு நடந்தது. இதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். வானத்தில் எடுத்த சண்டை ஷாட்டுகள் நிஜம், கோத்த வரிசைதான் எடிட்டர் போட்டது. ஆனால் வரலாறு படிக்க இந்தப் படத்தை எடுக்கிறவர் இது தெரிந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடியது கன் கேமரா காட்சிகள். சண்டை விமானத்தின் இறக்கையிலோ மூக்கிலோ பொருத்திய சின்ன கேமரா. விமானி விசையை அழுத்திச் சுட ஆரம்பித்ததும் அதுவும் ஓட ஆரம்பிக்கும். கையில் பிடித்து எடுக்கிறவர் யாரும் கிடையாது. ‘நான் இத்தனை விமானத்தை வீழ்த்தினேன்’ என்று விமானி சொல்வதைச் சரிபார்க்கவும், குறி எங்கே தப்புகிறது என்று சொல்லிக்கொடுக்கவும் வைத்தது. அதனால்தான் அந்த கிளிப்புகளில் முன்கதையும் இருக்காது, பின்கதையும் இருக்காது. திடுமென்று தொடங்கும், எதிரி எரிந்துகொண்டிருக்கும்போதே அறுந்துவிடும். துப்பாக்கி அதிர்வில் படம் நடுங்கும். அமெரிக்க கேமராவில் 50 அடி பிலிம்தான் போட முடியும். நொடிக்கு 64 பிரேம் வேகத்தில் ஓட்டினால் அரை நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

அதில் மைக் கிடையாது. எந்த வீடியோவில் கேட்கும் டப் டப் சத்தமும், எஞ்சின் அலறலும் யாரோ பிற்பாடு ஒட்டியவைதான். ரயிலையும் சாலையில் போகும் வண்டிகளையும் சுடும் கிளிப்புகளை வீர இசை போட்டு ஓட்டுவதை என்னால் பார்க்கவே முடிவதில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்த வண்டியில் ஒரு ஆள் இருந்திருப்பான் என்பது மனதில் படுகிறது. பழைய பிலிமை ஏஐ வைத்து வழுவழுப்பாக்கி நொடிக்கு 60 பிரேமாக விடுகிறவற்றையும் தவிர்த்துவிடுங்கள். அதில் பாதி பிரேம்கள் எந்தக் கேமராவும் பார்க்காதவை.

சரி, வானத்தில் பதிவான நிஜ ஒலியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 1943 செப்டம்பர் 3 இரவு பிபிசி செய்தியாளர் வின்ஃபோர்ட் வாகன்-தாமஸும், ரெஜினால்ட் பிட்ஸ்லி என்ற ஒலிப்பதிவாளரும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் விமானம் ஒன்றில் ஏறி பெர்லின் குண்டுவீச்சுக்குப் போய்வந்தார்கள். இசைத்தட்டில் பதிவு செய்யும் கருவியை விமானத்துக்குள்ளேயே வைத்துப் பதிவு செய்தார்கள். போன இடத்தில் ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று தாக்க, பின்பக்க துப்பாக்கி வீரர் அதைச் சுட்டு வீழ்த்துகிறார். அதுவும் பதிவில் இருக்கிறது. படம்தான் இல்லை.

இணையத்தில் தேடினால் கிடைக்கும், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். குண்டு போடுகிறவர் குறி பார்த்துக்கொண்டே விமானிக்குத் திசை சொல்லும் இடத்தில், டப்பிங்கில் நாம் கேட்ட பதற்றம் துளிகூட இல்லை. லாரியை ரிவர்ஸ் எடுக்க ஒருவர் பின்னால் நின்று வழிகாட்டுவது போல அவ்வளவு நிதானமாகப் பேசுகிறார்.