மனசு சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் 17 வருடங்களாக ஆலோசகராக இருக்கிறேன். அன்றாட சந்தோஷம், மனக்கஷ்டம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், நிறையவே வந்துவிட்டது. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி எட்டு மாதம். மனைவி இறந்து இரண்டு வருடம். எதிலும் பிடிப்பில்லை. பிடிப்பு வர என்ன வழி?

ஐயா, பிடிப்பு வந்தபிறகு ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறீர்கள். நான் பார்த்தவரை கால் முதலில் போகும், மனசு பின்னால்தான் வரும். உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்தார். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: வாசலில் வந்து விழும் பால் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, காலை ஐந்தரைக்கு பூத்துக்கு நடந்து போய் வாங்குங்கள். முதல் வாரம் யாரிடமும் பேசாமல் வாங்கி வந்திருக்கிறார், "ஒண்ணும் மாறலை மேடம்" என்றார். அப்புறம் ஒருநாள் காய்ச்சலில் போகவில்லை. மறுநாள் பூத்துக்காரர் "என்ன சார், நேத்து காணோம்?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் வராததை ஒருவர் கவனிக்கிறார் என்பது அவ்வளவு பெரிய விஷயம். 1938-ல் தொடங்கி இன்றுவரை தொடரும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது: நெருக்கமான மனிதர்கள் உள்ளவர்கள் வயதான காலத்தில் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருந்தார்கள்.

கேள்வி: அக்கா, தினமும் நன்றி டைரி, அதாவது நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை, எழுதுகிறேன், மூன்று மாதமாச்சு. ஒன்றும் தோன்றவில்லை.

தினமும் எழுதினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும்மா. இப்படி நன்றி எழுதுவது பற்றி 2003-ல் வெளியான, பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வின் முதல் பகுதியிலேயே வாரம் ஒருமுறைதான் எழுதச் சொன்னார்கள். அப்புறம் "குடும்பம், ஆரோக்கியம்" என்று மொத்தமாக எழுதாதே. "மழை வந்ததும் எதிர்வீட்டு அக்கா நம்ம கொடித் துணியை எடுத்து மடிச்சு வச்சிருந்தாங்க" என்று எழுது. எழுதிவிட்டு அந்த அக்காவிடம் போய் நேரில் சொல்.

கேள்வி: இரவு படுத்ததும் ஆபீஸ் கவலைகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. எப்படி நிறுத்துவது?

நிறுத்தப் பார்த்தால் இன்னும் ஓடும். அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறரைக்கு இருபது நிமிடம், கையில் பேப்பர் பேனா, கவலையை எல்லாம் எழுதுங்கள்; நாளைக்குச் செய்யக்கூடியது எதுவோ அதை மட்டும் வட்டம் போடுங்கள். ராத்திரி மறுபடி வந்தால் "நாளைக்கு ஆறரைக்கு" என்று மனசுக்குள் சொல்லித் தள்ளிவிடுங்கள். இரண்டு வாரமாவது செய்து பாருங்கள். அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் கட்டிலில் புரளாமல் எழுந்து உட்காருங்கள், போனை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: பணம் இருந்தால் சந்தோஷம் வருமா?

கடன் இருப்பவருக்குப் பணம்தான் நிம்மதி. வட்டி கட்ட முடியாமல் தூக்கம் போனவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்காரர் சவூதியில். ஓரகத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கொடைக்கானல் போட்டோ போட்டால் அன்றைக்கு முழுக்க மனசு கெட்டுவிடுகிறது. நான் பொறாமைக்காரியா?

இல்லைம்மா. உங்களுக்கு எது இல்லையோ அதைத்தான் அந்தப் பொறாமை காட்டிக்கொடுக்கிறது. அந்தப் போட்டோவில் எதைப் பார்த்தால் வலிக்கிறது, ஏரியைப் பார்த்தா, இல்லை அவள் பக்கத்தில் கொழுந்தனார் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தா? இரண்டாவது என்றால் கொடைக்கானல் போனாலும் தீராது. நீங்களும் அவரும் போனில் என்ன பேசுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஸ்கூல் பீஸ், சிலிண்டர், அத்தைக்கு மாத்திரை, பணம் வந்துச்சா, அவ்வளவுதான் இருக்கும். பத்து நிமிடம் கணக்கு வழக்கு இல்லாத பேச்சு வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அங்கே அறையில் யார் சமைக்கிறார், என்ன குழம்பு, யாரோடு சண்டை என்று நீங்கள் கேளுங்கள். அவருக்கும் அது தேவைப்படும், வெளிநாட்டில் இருந்து வந்த எத்தனையோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். ஓரகத்தி ஸ்டேட்டஸை மியூட்டில் போடுவது தப்பே இல்லை.

கேள்வி: காலேஜ் படிக்கும் மகள் மூன்று வாரமாக சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறாள். சந்தோஷப்படுத்த என்ன செய்யலாம்?

அம்மா, மேலே மற்றவர்களுக்குச் சொன்னது எதையும் இவளுக்குச் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும், அவள் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்றைக்கே பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஒரு ஆள் கிடைக்கும். திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். ஊர் என்ன சொல்லும் என்று ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: முதலில் கேட்ட ரிட்டயர்டு ஆள்தான். எங்கள் பக்கம் பால் பூத் இல்லையே மேடம்?

பேங்கில் இருந்தேன் என்றீர்களே ஐயா. பணம் எடுக்கிற சீட்டை நிரப்பத் தெரியாமல், யாரைக் கேட்பது என்று சுவரோரமாக நிற்கிற பாட்டிகளை நீங்கள் பார்க்காததா? ஒரு பேனா எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு பேங்குக்குப் போய் பெஞ்சில் உட்காருங்கள். அடுத்த வாரம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.