வடகடல் வேலைக்கு வரும் தம்பிக்கு: எந்த டேட்டம் என்று கேட்கத் தயங்காதீர்கள்

சென்னையில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்த தம்பி ஒருவருக்கு ஸ்காட்லாந்தின் அபர்டீனில், கடல் சர்வே நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று கேள்வி அனுப்பியிருந்தார். ஜி.பி.எஸ். இவ்வளவு துல்லியமாக இடம் காட்டும்போது ஈ.டி. 50 போன்ற பழைய டேட்டத்தை (அட்ச, தீர்க்க எண்களை எதை வைத்து அளப்பது என்ற அடிப்படையை) எதற்குப் படிக்கச் சொல்கிறார்கள்? சீனியர்களிடம் எப்படி நடந்துகொள்வது? குளிர், சாப்பாடு எல்லாம் எப்படி?

தம்பி, முதல் இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

வடகடலில் எண்ணெய் தேட ஆரம்பித்தது 1960களில். ஜி.பி.எஸ். அப்போது ஏது? கையில் இருந்தது 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய டேட்டம், அதுதான் ஈ.டி. 50. பிரிட்டனின் கடற்பரப்பை அதன் மேல்தான் பிளாக் பிளாக்காகப் பிரித்தார்கள். ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி ஒரு குவாட்ரன்ட். அதற்குள் 30 பிளாக். ஒவ்வொன்றும் அட்சரேகையில் 10 நிமிடம், தீர்க்கரேகையில் 12 நிமிடம். நார்வே பக்கம் குவாட்ரன்டுக்கு 12 பிளாக்தான். லைசென்ஸ் எல்லை, பழைய கிணறு, கடலடிக் குழாய் என்று எல்லாமே அந்த எண்களில் பதிவாகிவிட்டன. நம்மூரில் பத்திரத்தில் ஏறிய சர்வே எண்ணை மாற்றுவது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபம் இதை மாற்றுவதும்.

ஆனால் கப்பலில் உள்ள ரிசீவருக்கு ஈ.டி. 50 தெரியாது, அது ஜி.பி.எஸ். டேட்டமான டபிள்யூ.ஜி.எஸ். 84 வகையில்தான் இடம் சொல்லும். இரண்டும் பூமியையே வேறு வேறு அளவில் எடுத்துக்கொள்கின்றன. பழையதன் எலிப்சாய்டுக்கு (பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட நீள்வட்ட உருண்டைக்கு) அரை நெட்டச்சு 6378388 மீட்டர், புதியதற்கு 6378137. மையமும் ஒன்றல்ல. ஒன்றின் அட்ச, தீர்க்க எண்ணை மற்றதில் போட்டால் வடகடலில் 100 மீட்டருக்கு மேல் இடம் தள்ளிப்போகும். மாற்றும் கணக்கும் ஒன்றே ஒன்று அல்ல: 62 டிகிரி வடக்குக்குத் தெற்கே ஒரு தொகுதி எண்கள், வடக்கே நார்வேக்காரர்கள் வேறு தொகுதி.

கிலோமீட்டர் கணக்கில் பிசகினால் புள்ளி எங்கேயோ போய் விழும், யாராவது பார்த்துவிடுவார்கள். நூறு, இருநூறு மீட்டர் பிசகுதான் பொல்லாதது. கட்டத்தில் கிழக்கு அளவான ஈஸ்டிங் ஆறு இலக்கம், வடக்கு அளவான நார்த்திங் ஏழு இலக்கம். இரண்டு டேட்டத்திலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எந்த டேட்டம் என்று காட்டும் ஈ.பி.எஸ்.ஜி. பட்டியல் குறியீடுகள்கூட ஈ.டி. 50க்கு 23031, டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு 32631 என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். (நீங்கள் வலை வரைபடங்களில் தினமும் போடும் 4326கூட எண்ணெய்க் கம்பெனி சர்வேயர்கள் சேர்ந்து 1980களில் தொடங்கிய ஈ.பி.எஸ்.ஜி. குழுவின் பட்டியலில் உள்ளதுதான்.)

ஒரு ராத்திரி ரிக் ஒன்றை இடம் மாற்றிக்கொண்டிருந்தோம். நங்கூரம் போட வேண்டிய இடங்கள் ஒரு ஃபைலில் வந்தன. இரண்டு வரிசை எண்கள், மேலே தலைப்பு கிடையாது. பக்கத்திலேயே எரிவாயுக் குழாய் ஒன்று கிடந்தது. அந்த ஷிப்டில் இருந்தவர்களிலேயே இளையவன், "இது எந்த டேட்டம்?" என்று கேட்டான். கரைக்குப் போன் போட்டு, தூங்கியவரை எழுப்பி, பதில் வரும்வரை இழுவைக் கப்பல்கள் காத்து நின்றன. பதில், நாங்கள் நினைத்திருந்த அதே ஈ.டி. 50தான். இதற்காகவா இவ்வளவு நேரம் என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவன் லாக் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். பெரியவர் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே கேட்காமல் இருப்பதுதான் குறை. எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "சார்" போட்டால் கேலி பண்ணுவார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை நேற்று வந்தவருக்கும் உண்டு. டேட்டம், புரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தாளில் விரிக்கும் முறை), மண்டலம், அலகு: இந்த நான்கும் எழுதியில்லாத எண்ணை வாங்காதீர்கள்.

வடக்கு என்று யாராவது சொன்னால், எந்த வடக்கு என்று அதையும் கேளுங்கள். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில் 31ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 3 டிகிரி கிழக்கு. கிணறு 58 டிகிரி வடக்கு, 1 டிகிரி கிழக்கில் இருந்தால், கட்ட வடக்குக்கும் (வரைபடக் கட்டக்கோடு காட்டும் வடக்கு) உண்மை வடக்குக்கும் சுமார் 1.7 டிகிரி வித்தியாசம். பக்கவாட்டில் 3 கிலோமீட்டர் துளைக்கும் கிணற்றில் அதை மறந்தால் இலக்கு 90 மீட்டர் அளவுக்குத் தப்பும். கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டால் 180. கன்வர்ஜென்ஸ் எனப்படும் இந்த வித்தியாசத்தின் கூட்டல், கழித்தல் குறியை எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதும் இல்லை. அதனால் எண்ணைச் சொன்னால் போதாது, சின்னதாக ஒரு படமும் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, குளிர். குளிரைவிட இருட்டுதான் ஆளை அசத்தும். டிசம்பரில் சூரியன் எட்டே முக்காலுக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடும். கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், எனவே நல்ல திரைச்சீலை வாங்குங்கள். கப்பலில் 12 மணி நேர ஷிப்ட். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, காரம்தான் இருக்காது. ஊறுகாய் பாட்டில் எடுத்து வாருங்கள், மெஸ்ஸில் பாதி பேர் கடன் கேட்பார்கள்.

ரிக்குக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். அதற்கு முன் தோள் அகலம் அளப்பார்கள், 55.9 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய ஜன்னல் பக்கத்து இருக்கைதான். அப்புறம், பயிற்சிக் குளத்தில் ஹெலிகாப்டர் கூண்டைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து வெளியே வரச் சொல்வார்கள். நீச்சல் வீரராக இருக்கத் தேவையில்லை, ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறாத அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்குள் அங்கேயே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடுங்கள்.