ஆசிய அமெரிக்க இயக்குநர்களில் லெஸ்பியன் பெண்களின் கதையை நன்றாகச் சொன்னவர் யார்?

ஆலிஸ் வூ. இதுவரை எடுத்தது இரண்டே படங்கள், அதுவும் 16 வருட இடைவெளியில். இருந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் படித்து மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு எடுத்த படம் ‘சேவிங் ஃபேஸ்’ (2004). கதாபாத்திரங்களை வெள்ளையர்களாக மாற்றச் சொன்ன ஸ்டுடியோக்களுக்கு அவர் இணங்கவில்லை. நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் புழங்கும் சீனக் குடும்பம். பேச்சில் சீன மொழியான மாண்டரின் நிறைய. மகள் வில், அறுவை சிகிச்சை மருத்துவர். விவியன் என்ற நடனக் கலைஞரைக் காதலிக்கிறாள், ஊரார் முன்னால் காட்டிக்கொள்ளப் பயம். இதோடு நின்றிருந்தால் பழகிய கதைதான். ஆனால் கணவரை இழந்த அம்மா 48 வயதில் கர்ப்பமாகிறாள். யார் காரணம் என்று வாயே திறக்கவில்லை. தாத்தா வீட்டை விட்டு அனுப்பிவிட, மகள் வீட்டுக்கே வந்து சேர்கிறாள். இருவருக்கும் ஆளுக்கொரு ரகசியம், பயப்படுவதோ ஒரே ஊர்வாய்க்கு!

அம்மாவை வில்லியாக்காததுதான் இந்தப் படத்தின் பெரிய பலம். உன்மேல் பாசம் இருக்கிறது, நான் லெஸ்பியன் என்று மகள் ஒரே மூச்சில் சொல்கிறாள். இரண்டையும் எப்படி உன்னால் சேர்த்துச் சொல்ல முடிகிறது, நான் மோசமான அம்மா இல்லை என்கிறாள் அம்மா. அம்மாவாக நடித்த ஜோன் சென் அதைப் பேசும்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. அந்தப் பயத்தை இயக்குநர் மதிக்கிறார், ஆனால் அதற்காக மகளை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் தன் அம்மாவின் உடல்நிலைக்காக சினிமாவிலிருந்து விலகிய ஆலிஸ், 2020இல் நெட்ஃபிளிக்ஸில் ‘தி ஹாஃப் ஆஃப் இட்’ தந்தார். சிற்றூர் மாணவி எல்லி, பால் என்ற பையனுக்காக ஆஸ்டருக்குக் காதல் கடிதம் எழுதித் தருகிறாள். எல்லிக்கும் ஆஸ்டர்மேல்தான் காதல். கடைசியில் ஜோடி சேரவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவுதான் சரி. அந்த வயதுப் பெண்ணுக்கு ஊரைவிட்டுப் படிக்கக் கிளம்புவதும் பெரிய விஷயம். அதில் எல்லியின் அப்பாவைத் தவறவிடாதீர்கள். இன்ஜினியரிங் படித்தும் ஆங்கிலம் சரியாக வராததால் ரயில் நிலைய வேலையோடு முடங்கிப்போனவர். யாரையாவது, அவரிடம் எதுவுமே மாறவேண்டாம் என்று தோன்றுமளவுக்கு நேசித்திருக்கிறாயா என்று பாலிடம் மாண்டரினில் கேட்பார்.

எதை முதலில் பார்ப்பது என்றால், ‘சேவிங் ஃபேஸ்’. முடிந்தால் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள்.