துனி ஆட்டத்தில் கணினி ஜெயிக்குமா?

கேள்வி: சதுரங்கத்தில் கணினி மனிதனை வென்று வருஷங்கள் ஆகிவிட்டன. நாங்கள் குடும்பமாக ஆடும் துனி சீட்டாட்டத்திலும் அது ஜெயிக்குமா ஐயா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண்முன்னே இருக்கின்றன அம்மா. நால்வர் இரண்டு ஜோடியாக ஆடும் துனியில், 24 சீட்டில் உங்கள் கையிலுள்ள ஆறுதான் உங்களுக்குத் தெரியும். எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார். அதனால் சில சமயம் பெரிய சீட்டான ஜாக்கை இறக்கி, சில சமயம் பதுக்கி, கலந்து ஆட வேண்டும். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாக இருக்கும் இருவர் ஆட்டத்தில், யாராலும் முறியடிக்க முடியாத கலவை ஒன்று நிச்சயம் உண்டு என்று 1928இல் கணிதமேதை ஜான் வான் நாய்மன் நிரூபித்தார். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் தேற்றம் அது!

போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டத்திலும் எதிராளியின் சீட்டு தெரியாது. 2017இல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்களைத் தனித்தனியே எதிர்த்து, மொத்தம் 1,20,000 கைகள் (சீட்டுப் பகிர்ந்து ஆடும் சுற்றுகள்) ஆடி வென்றது. தன்னோடு தானே ஆடி, 'அந்த இடத்தில் வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?' என்று ஓயாமல் கணக்குப் பார்த்தே அது கற்றது.

சரி, துனி? அங்கே எதிரே கூட்டாளி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையும் உங்களுக்குத் தெரியாது. நாய்மன் தேற்றம் இங்கே அப்படியே பொருந்தாது. கணினி ஒருநாள் ஜெயிக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் நெடுநாள் பழகிய ஜோடியை வெல்வது போக்கரைவிட வேறு வகைச் சிக்கல்.