பெட்டியை யார் தொடலாம்? பார்சல் கிடங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் தொழிற்சங்கம் உள்ள பார்சல் கிடங்குகளில் வேலை செய்யும் வாசகர்களிடமிருந்து இந்த முறை கேள்விகள் வந்துள்ளன. சிலர் சங்க உறுப்பினர்கள், ஒருவர் சூப்பர்வைசர். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் அன்றாட விதிகள் உங்கள் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பதில்களைப் படியுங்கள்.

பெல்ட்டில் பெட்டிகள் குவிந்துவிட்டால் எங்கள் சூப்பர்வைசரே ட்ரெய்லருக்குள் ஏறி அடுக்க ஆரம்பிக்கிறார். "உதவிதானே செய்கிறார், விடு" என்கிறார்கள் சிலர். "எழுதிக் கொடு" என்கிறார்கள் சிலர். எது சரி?
– லோடர், இரவு ஷிஃப்ட்

எழுதிக் கொடுப்பதுதான் சரி. அவர்மேல் உள்ள கோபத்துக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. பெட்டி அடுக்குவது, இறக்குவது, பிரிப்பது எல்லாம் ஒப்பந்தப்படி சங்க உறுப்பினர்களின் வேலை. சூப்பர்வைசர் முக்கால் மணி நேரம் அடுக்கினால், அந்த முக்கால் மணி நேரச் சம்பளம் ஓர் உறுப்பினரின் பையில் விழாமல் போகிறது. ஆள் போதவில்லை என்ற உண்மையும் மேலிடத்துக்குத் தெரியாமல் போகிறது. கணக்கில் மூன்று பேர் நான்கு பேரின் வேலையை முடித்ததாகவே பதிவாகும், அடுத்த வாரமும் மூன்று பேரையே போடுவார்கள். அவர் நல்ல மனதோடுதான் கை கொடுக்கிறார் என்றாலும் விளைவு இதுதான்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் சில விலக்குகளைத் தருகின்றன: புதிய ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது, பாதுகாப்பாகச் செய்து காட்டுவது போன்றவை. அதனால் புதியவர் பக்கத்தில் நிற்க, அவர் பத்துப் பெட்டி அடுக்கிக் காட்டினால் அது மீறல் ஆகாது. கீழே விழுந்த ஒரே பெட்டியை எடுத்து பெல்ட்டில் வைத்ததற்கும் மனு போடாதீர்கள். அப்படிப்பட்ட மனுக்கள் சேரச் சேர, நியாயமான மனுவின் எடையும் குறைந்துவிடும்.

'கிரீவன்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் குறைமனு தோற்பது பெரும்பாலும் எழுதிய விதத்தால்தான். "சூப்பர்வைசர் எப்போதும் வேலை செய்கிறார்" என்று எழுதினால் முதல் படியிலேயே தள்ளுபடி ஆகும். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் அதிகாலை 4.10 முதல் 4.55 வரை, 17ஆம் கதவு ட்ரெய்லரில் பெட்டி அடுக்கினார். 3.50-க்கு என்னையும் இன்னொரு லோடரையும் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்தவர்கள் இருவர்." தேதி, தொடக்கம், முடிவு, கதவு எண், செய்த வேலை, அந்த நேரத்தில் வேலைக்குத் தயாராக இருந்த மூத்த உறுப்பினர் யார், எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள், இவ்வளவும் இருக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் பரிகாரமாகக் கிடைக்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் 4.10 என்பது "நாலு, நாலரை இருக்கும்" என்று ஆகிவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே குறியுங்கள். மனு கொடுக்கும் கெடு பல ஒப்பந்தங்களில் நாள்கணக்கில்தான் இருக்கும்.

மனுவுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்: "இங்கே ஆள் வேண்டுமா? 12ஆம் கதவில் ஒருவர் காலியாக இருக்கிறார்." பாதி நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

"ஆபீசுக்கு வா, பேசணும்" என்று கூப்பிட்டு, உடைந்த பார்சல் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். சங்கப் பிரதிநிதி இல்லாமல் நான் பதில் சொல்லத்தான் வேண்டுமா?
– அன்லோடர்

உச்ச நீதிமன்றம் 1975-இல் வைன்கார்ட்டன் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. விசாரணைக் கேள்விகளுக்குச் சொல்லும் பதில் தண்டனையில் முடியலாம் என்று நீங்கள் நியாயமாக நினைத்தால், சங்கப் பிரதிநிதியை, அதாவது 'ஸ்டூவர்ட்'டை, கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று நினைவுபடுத்தும் கடமை அந்தத் தீர்ப்பின்படி நிர்வாகத்துக்கு இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்தப் பேச்சு என் மேல் நடவடிக்கையில் முடியலாம் என்று தோன்றுகிறது. என் ஸ்டூவர்ட் வேண்டும்."

கேட்ட பிறகு நிர்வாகத்துக்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்டூவர்ட் வரும்வரை காத்திருக்கலாம். விசாரணையை அத்தோடு நிறுத்தலாம். அல்லது "ஸ்டூவர்ட் இல்லாமல் தொடர்வதா, விசாரணையே வேண்டாமா" என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். மூன்றாவதில் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஸ்டூவர்ட் வந்தால் விஷயம் என்ன என்று முன்கூட்டியே கேட்கலாம், உங்களோடு தனியாகப் பேசலாம், குழப்பமான கேள்வியைத் தெளிவாக்கச் சொல்லலாம், முடிவில் தன் தரப்பைச் சொல்லலாம். உங்களுக்குப் பதிலாக அவர் பதில் சொல்ல முடியாது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கோபத்தில் எழுந்து போவது. உடைந்த பெட்டி ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். எழுந்து போனால் 'உத்தரவை மீறினார்' என்ற பெரிய குற்றச்சாட்டு வந்துவிடும். உட்கார்ந்தபடியே கேட்டதைத் திரும்பக் கேளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிவான தண்டனைக் கடிதத்தை வெறுமனே கையில் கொடுக்கும் சந்திப்புக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. உங்கள் ஒப்பந்தம் அங்கும் ஸ்டூவர்ட்டைத் தரலாம், பாருங்கள். கையெழுத்து கேட்டால் "பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை" என்று எழுதிப் போடுங்கள்.

போன மாதம்வரை லோடராக இருந்தேன், இப்போது பகுதிநேர சூப்பர்வைசர். பழைய நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேலே இருப்பவர்களோ எண்ணிக்கையைக் கேட்டுத் துளைக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதலில் உங்கள் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள். 1947-இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் சூப்பர்வைசர்களைத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே வைத்தது. நேற்றுவரை உங்களுக்குப் பின்னால் சங்கம் நின்றது. இன்று அது இல்லை. கிடங்கிலேயே தனியாக நிற்கும் மனிதர் பகுதிநேர சூப்பர்வைசர்தான் என்பது எங்கள் கருத்து. சங்கத்தில் இருப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

அந்த நெருக்கடியில் உங்கள் கை தானாகப் பெட்டிக்குப் போகும். போக விடாதீர்கள். அதற்குப் பதில் கணக்குப் போடுங்கள். உங்கள் பக்கம் மணிக்கு 1,200 பெட்டி வருகிறது, நான்கு லோடர்கள் என்றால் ஆளுக்கு 300. ஒருவர் வரவில்லை என்றால் 400. அந்த வேகத்தில் என்ன ஆகிறது என்று லோடராக இருந்த உங்களுக்கே தெரியும். கனமான பெட்டிகளைக் கீழே வைத்து, செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்கி, இடுக்கில் சின்னப் பெட்டியைச் செருகி, பைகளை மேலே போட்டுச் சுவரைக் கட்ட நேரம் கிடைக்காது. கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் வைப்பார்கள். சுவர் வெளிப்பக்கம் சாயும். போய்ச் சேரும் ஊரில் கதவைத் திறக்கும் அன்லோடர் தலையில் அது விழும்.

அதனால் ஷிஃப்ட் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே மேலே எழுதுங்கள்: "நால்வருக்கு மூவர்தான் வந்திருக்கிறார்கள். ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் பெல்ட்டை மெதுவாக்க வேண்டும்." வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். ஆள்களிடம் "வேகம், வேகம்" என்று கத்துவதைவிட, "14ஆம் கதவு நிறைகிறது, ஐந்து நிமிடம் அங்கே போங்கள்" என்பது வேலைக்கு ஆகும்.

சங்க விஷயத்தில் நான்கைத் தவிருங்கள்: மிரட்டுவது, துருவிக் கேட்பது, ஆசை காட்டுவது, வேவு பார்ப்பது. "மனு போட்டது யார்?" என்று பழைய நண்பரிடம் சிரித்துக்கொண்டே கேட்பதும் சட்டச் சிக்கலில் முடியலாம்.

70 பவுண்டுக்கு மேல் என்று லேபிள் ஒட்டிய பெட்டியைத் தனியாகத் தூக்கச் சொன்னால் மறுக்கலாமா?
– சார்ட்டர்

"மாட்டேன்" என்ற சொல்லைத் தவிருங்கள். "தூக்குகிறேன், இன்னொரு ஆளோ கைவண்டியோ கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் விசாரணையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சங்கப் பணியிடங்களில் பொது விதி, சொன்னதை இப்போது செய், மனுவைப் பிறகு போடு என்பதுதான். உடலுக்கு ஆபத்தான உத்தரவு அதற்கு விலக்கு. ஆனால் ஆபத்து உண்மையானது, நீங்கள் சரிசெய்யக் கேட்டீர்கள் என்று காட்ட வேண்டிவரும். அதற்குத்தான் அந்தச் சொற்கள்.

நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் 1991 கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் அளவு 51 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ. உடலோடு ஒட்டி, இடுப்பைத் திருப்பாமல், நல்ல பிடியோடு, எப்போதாவது தூக்கினால்தான் அது. ட்ரெய்லர் தரையிலிருந்து குனிந்து, திரும்பி, மணிக்கு நூற்றுக்கணக்கில் தூக்கும்போது அந்த அளவு வெகுவாகக் குறையும். இது ஆலோசனை, சட்டமல்ல. உங்கள் ஒப்பந்தத்தில் கனமான பெட்டிக்கு உதவி கேட்கும் பிரிவு இருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். பாதுகாப்பு பற்றிப் பேசியதற்காகப் பழிவாங்கினால், பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவிடம் புகார் கொடுக்க 30 நாள்தான் அவகாசம்.

என் மனுவைச் சங்கமே மேலே கொண்டுபோக மறுக்கிறது. என்ன செய்ய?

எல்லா மனுவையும் நடுவர்வரை கொண்டுபோகும் கட்டாயம் சங்கத்துக்கு இல்லை. ஆனால் பாகுபாட்டோடோ, கெட்ட எண்ணத்தோடோ, காரணமே இல்லாமலோ கைவிடக் கூடாது என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏன் கைவிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கும் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகாருக்கும் ஆறு மாதம்தான் கெடு.