நீண்ட நாள் உழைக்கும் மர டைனிங் டேபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது? தேக்கா, ஷீஷமா, ரப்பர் மரமா?

கடைக்குப் போனதும் முதலில் குனிந்து மேஜைக்கு அடியில் பாருங்கள். தேக்கா, ஷீஷமா என்று கேட்பதெல்லாம் அப்புறம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நான் குனியாமல் வாங்கியவன், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில், தரைத்தளம். 2019-ல் ஒரு கண்காட்சித் தள்ளுபடியில் ஆறு நாற்காலியோடு ஒரு மேஜை வாங்கினேன். ‘ஷீஷம்’ என்றார்கள். கருஞ்சிவப்பு நிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கூடத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர், இரண்டு நாள் வடியவில்லை. வடிந்த பிறகு பார்த்தால் மேஜையின் நாலு காலும் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தன. மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தோல் சுருண்டு கழன்று, உள்ளே பழுப்பாகத் தூள். அம்மா நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு மரமாடா?” என்று கேட்டாள். பீரோவில் இருந்த பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘ஷீஷம் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தது. அதாவது நிறம் மட்டும்தான் ஷீஷம். அவர்கள் எழுத்தில் பொய் சொல்லவில்லை, நான்தான் படிக்கவில்லை.

அதே தண்ணீரில் அதே இரண்டு நாள் எங்கள் தாத்தா காலத்துத் தேக்கு முக்காலியும் நின்றது. சேற்றைக் கழுவி நிழலில் காயவைத்தோம். இன்றைக்கும் அதன்மேல்தான் தண்ணீர் கேன் இருக்கிறது.

சரி, குனிந்தால் என்ன தெரியும்? மேல்பக்கம் எப்படி வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு மயக்கலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. உண்மையான பலகை என்றால் மேலே ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கி வெட்டுமுகத்தில் வளையத் துண்டுகளாகத் தெரியும். மேலே ஒரு ரேகை, ஓரத்தில் சம்பந்தமே இல்லாமல் நெடுக ஓடும் பட்டை என்றால் அது ஒட்டுவேலை. உள்ளே இருப்பது எம்டிஎஃப்போ பார்ட்டிகிள் போர்டோ, எதுவானாலும் மரத்தூளையும் நாரையும் பசையில் அழுத்திய பலகைதான். தண்ணீர் ஏறி ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ‘இன்ஜினியர்டு வுட்’ என்ற கௌரவமான பெயரில் விற்பது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்து, காலும் சட்டமும் சேரும் மூலை. சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் அடித்த துளைக்குள் இறக்கியிருந்தால் அந்த மேஜை உங்கள் பிள்ளைகளுக்கும் வரும். இரும்பு முக்கோணத் தகட்டில் தடிமனான போல்ட் போட்டு இறுக்கியிருந்தாலும் தப்பில்லை, தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். வெறும் ஆணியும் பசையும் என்றால் நகருங்கள். கையை மேலே ஊன்றிச் சப்பாத்தி தேய்ப்பது மாதிரி முன்னும் பின்னும் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கடையிலேயே ஆடுகிற மேஜை வீட்டுக்கு வந்து அடங்காது.

மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் அந்த அசைவு அநேகமாக இல்லை. மூன்றடி அகலப் பலகையில் சில மில்லிமீட்டர் வரும். அதனால் ஸ்க்ரூ துளை கொஞ்சம் நீள்வட்டமாக, அசைய இடம் விட்டு இருக்க வேண்டும். அசையவிடாமல் பசை போட்டுப் பூட்டினால் ஒரு சித்திரை மாதத்தில் ‘பட்’டென்று நடுவில் வெடிக்கும். பலர் இதை ‘மரம் மட்டம்’ என்பார்கள். மரத்தின் மேல் குற்றமில்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தேக்கு நல்லதுதான், ஆனால் தேக்கின் வைரம்தான் நல்லது. உள்ளே பொன்பழுப்பாக இருக்கும் வைரத்தில் இயற்கையான எண்ணெய் இருக்கிறது, கரையான் சுலபத்தில் தொடாது. ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருப்பதை ஆசாரிகள் ‘வெள்ளை’ என்பார்கள். அதற்கு அந்தச் சக்தி கிடையாது. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், அதை மறைக்கத்தான் கறுப்புச் சாயம். ஆகவே சாயம் போடாத மேஜையைக் காட்டச் சொல்லுங்கள். ‘பர்மா தேக்கு’ என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் நிதானியுங்கள். மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அறுத்த மரம் வரும், ஆனால் இங்கே ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் தேக்கும் நிறைய. பர்மா என்று வாயால் சொல்வதை பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

ஷீஷம் உண்மையான ஷீஷமாக இருந்தால் தேக்கைவிடக் கனம், கெட்டி. வடக்கிலிருந்து வரும் மரம். அதிலும் வெள்ளைப் பகுதியைத்தான் வண்டு துளைக்கும். ரப்பர் மரம் கன்னியாகுமரி, கேரளப் பக்கம் பால் வற்றி வெட்டும் மரங்களில் கிடைப்பது. போரான் மருந்து ஏற்றித்தான் பூச்சி வராமல் காக்கிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையும் வகை. மாடியில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், விலையும் சகாயம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி தண்ணீர் தேங்கும் இடத்தில் தரைத்தளம் என்றால் நான் சொல்ல மாட்டேன். வேங்கையும் உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். பாலிஷ் தேய்ந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்தால் துணி மஞ்சளாகும். மாமரம் வேண்டாம்.

இரும்புக் கால் வைத்து மரப்பலகை போட்ட மேஜைகள் இப்போது நிறைய வருகின்றன. காசிமேட்டுக் கடல் காற்று படும் வீட்டில் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கடைசியில் கடையில் வாங்கவில்லை. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வீடுகளின் கூரைத் தளமே தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியதுதான். இடித்த கட்டைகளை விற்கும் இடத்தில் போய்ப் பார்த்தேன். கறுத்து, சுண்ணாம்பு அப்பி, அடுப்புக்குத்தான் ஆகும் போல இருந்தன. கூட வந்த ஆசாரி உளியால் ஓரத்தில் ஒரு சீவு சீவி என் மூக்கருகே நீட்டினார். தோல் செருப்புக் கடை வாசனை. உள்ளே தேன் நிறம்.

“இது நம்ம அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே காஞ்ச மரம் சார். இனிமே எங்க வளையும்?” என்றார். அடுத்த மூச்சிலேயே, “ஆனா ஆணி இருக்கும். என் மெஷின் பிளேடு போச்சுன்னா நீங்கதான் தரணும், இப்பவே சொல்லிட்டேன்” என்றும் சொன்னார். அவர் அப்பா ரங்கூனில் அறுப்பு மில்லில் இருந்தவர், அறுபதுகளில் குடும்பத்தோடு வியாசர்பாடிக்கு வந்தவர்கள். ஒவ்வொரு கட்டையிலும் காந்தத்தைத் தடவித் தடவி ஆணி தேடினார். இருபதுக்கும் மேல் பிடுங்கினோம். இரண்டு தப்பின. பிளேடுக்குக் காசு கொடுத்தேன்.

மரம் வாங்கப் போகுமுன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைக்காரர் போடுவதுதான் கணக்கு. நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஐந்துக்கு மூன்றடி மேஜை, ஒன்றேகால் அங்குலப் பலகை என்றால் மேல்பாகம் 1.56 கன அடி. மூன்றங்குலச் சதுரக் கால் நாலு சேர்த்து 0.6. சுற்றுச்சட்டம் 0.4. மொத்தம் சுமார் 2.55, இழைப்புச் சேதாரத்தோடு மூன்றரை கன அடி வாங்கினால் போதும். இதிலேயே இன்னொரு உபயோகம் இருக்கிறது. அந்த 2.55 கன அடித் தேக்கு ஏறக்குறைய 45 கிலோ வரும். அதே அளவு மேஜையைக் கடைப்பையன் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினால் அது தேக்கு இல்லை.

புது மரத்தில் செய்பவர்கள் காய்ந்த மரமா என்று வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஈரம் அளக்கும் மீட்டர் சின்னதாக இருக்கிறது, மரக்கடையில் கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுக்கலாம். இருபதைத் தாண்டினால் அது இன்னும் காயாத மரம்.

அளவு. நம் பக்கத்து வீடுகளில் கூடம் பத்துக்குப் பத்து இருந்தாலே பெரிது. சாப்பிட ஓர் ஆளுக்கு இரண்டடி அகலம், நாற்காலியை இழுத்து எழ மேஜை விளிம்பிலிருந்து சுவர் வரை இரண்டரை அடி. இது இல்லாவிட்டால் ஒருவர் கை கழுவ எழுந்தால் மூவர் எழ வேண்டும். உயரம் 30 அங்குலம், நாற்காலி 18. வாங்குமுன் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தோம். ஆறு பேர் மேஜை என்று அடம்பிடித்த நானே நாலுக்கு மூன்றடிக்கு இறங்கினேன். மாடி வீடு என்றால் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளங்கள். காலைக் கழற்றும்படி போல்ட் வைத்துச் செய்யச் சொன்னால் பிழைத்தீர்கள்.

பாலிஷைப் பொறுத்தவரை, அரக்கில் போடும் பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் சூடான குழம்புச் சட்டியை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேஜைக்கு பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் சரி. மேலே கண்ணாடி போடாதீர்கள், இடுக்கில் இறங்கிய ரசம் உள்ளேயே தங்கும். காலின் அடி வெட்டுமுகம் ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும், அங்கேயும் பாலிஷ் அடித்து ரப்பர் புஷ் மாட்டச் சொல்லுங்கள். தினம் வீடு துடைக்கும் தண்ணீரே வருஷக்கணக்கில் காலை அரிக்கும், அதற்குப் புயல் வர வேண்டியதில்லை.

எங்கள் மேஜையில், நான் உட்காரும் இடத்துக்கு நேராக ஓர் ஆணித்துளை. சுற்றிலும் இரும்புக்கறை கருநீலமாகப் படர்ந்திருக்கிறது. ஆசாரி மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்க வந்தார். அம்மாதான், “இருக்கட்டும், இதுவாவது மரம்னு தெரியட்டும்” என்று தடுத்துவிட்டாள். இப்போது என் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சிலை அதில்தான் குத்தி நிறுத்துகிறாள்.